ரூபியின் மொட்டைமாடியும் ஒரு மானிய விண்ணப்பமும்

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மூன்று வாரமாக உட்கார்ந்து நான் எழுதிய பன்னிரண்டு பக்கம் திரும்பி வந்தது. முதல் பக்கத்தின் ஓரத்தில் மார்கரெட் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இது திட்டமா, புகாரா?"

மார்கரெட் என் மேலதிகாரி. உடனே பெரிய அலுவலகம், கண்ணாடிக் கட்டடம் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். கனடாவில் நான் இருப்பது ஏரிக்கரையில் உள்ள ஓர் இரும்பாலை ஊர். ஆலையைச் சுற்றியுள்ள வீடுகளின் கூரையில் காற்றை அளக்கும் சின்னப் பெட்டிகளை மாட்டுவோம். அவை காட்டும் எண்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுவோம். மொத்தமே நாலு பேர்தான் இந்த வேலையைச் செய்கிறோம். நாலாவது ஆளான நான் பாதி நேர ஊழியர். இங்கே வந்து பதினேழு வருடத்தில் நான் உட்கார்ந்து பார்க்கும் முதல் வேலை இது. அதற்கு முன் எல்லாம் நின்றுகொண்டுதான்.

அரசாங்கம் சுற்றுச்சூழல் தரவுக்கென்று ஒரு மானியம் அறிவித்திருந்தது. உள்ளூர்க் களத்தோடு வெளிநாட்டில் ஒரு துணைக் களமும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதிகளின் ஏதோ ஒரு மூலையில் ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டத்தில் என் சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டேன், "கும்மிடிப்பூண்டி" என்று. மார்கரெட் அந்தப் பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்து, மூன்று தடவையும் தோற்றுப்போய், "சரி, நீயே எழுது" என்றார்.

விண்ணப்பத்தின் உயிர் 'புராஜெக்ட் நரேட்டிவ்' என்கிற பகுதி. என்ன செய்யப்போகிறோம், ஏன், யாரை வைத்து, முடிவில் என்ன மிஞ்சும் என்று கதைபோலச் சொல்ல வேண்டும், ஆனால் கதை விடக் கூடாது. எனக்கென்ன, எழுதவா தெரியாது என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

2

ஒன்பதாம் வகுப்பு படித்த நாளிலிருந்து எங்கள் தெருவின் மனுக்கள் எல்லாம் என் கையெழுத்தில்தான் போயின.

எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஆலைக்குள் போனார்கள். நைனாவும் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) உருக்காலையில் ஹெல்பராகச் சேர்ந்தார். தெருக்குழாய், பட்டா, கல்லறைக்குப் போகும் பாதை, கிணற்றில் மிதந்த எண்ணெய்ப் படலம், எதுவாக இருந்தாலும் ஒரு மனு எழுதப்படும். மனு வாங்கும் திங்கட்கிழமை நைனா லீவு போட்டுவிட்டு என்னையும் பள்ளிக்கு மட்டம் போடவைத்து, திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் சொந்த மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டுமென்றால் முதலில் சென்னைக்குப் போக வேண்டும். அங்கே வேறு வண்டி பிடித்து, ஆவடி, செவ்வாப்பேட்டை என்று மறுபடி மேற்கே ஏற வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பயணம்தான் ஞாபகம் வரும்.

மனு எழுதுவதில் நைனாவுக்கு ஒரு விதி உண்டு. "பேரு, புருசன் பேரு, கதவு நம்பரு, தெரு, போஸ்ட்டு, தாலுகா, எங்க வேலை பாக்கறான், எல்லாம் எழுது. ஒண்ணு உட்டாலும் மொட்டக் கடுதாசின்னு தூக்கிக் கடாசிடுவான்" என்பார். மனு கொடுக்கிறவர் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பது அவர் கட்சி. ஒளிந்துகொண்டால் கேட்பதற்கு நியாயம் இல்லை என்று ஆகிவிடுமாம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் கனடா அரசாங்கத்துக்கு எழுதினால் எப்படி இருக்கும்? "பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மா, எங்கள் பகுதி மக்கள் பல ஆண்டுகளாகப் புகையால் பெரும் அவதிக்குள்ளாகி வருகிறார்கள் என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்" என்று ஆங்கிலத்தில் தொடங்கி, "எனவே ஆவன செய்து உதவுமாறு" என்று முடித்திருந்தேன். நடுவிலிருந்த பத்துப் பக்கமும் அதே ராகம்.

என் மகள் லியாவிடம் காட்டினேன். பதினைந்து வயது. தமிழ் காதில் விழும், வாயில் வராது. படித்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: "அம்மா, யாருக்குப் பயந்து இப்படி எழுதியிருக்கே?"

"பயம் இல்லைடி, மரியாதை."

"இதுல ஒரு வாக்கியம்கூட நீ என்ன செய்யப்போறேன்னு சொல்லலை. அவங்க என்ன செய்யணும்னுதான் சொல்லியிருக்கே."

சுருக்கென்றது. மார்கரெட்டின் ஒற்றை வரிக்கும் இதுதான் அர்த்தம். மனுவில் நாம் பாதிக்கப்பட்டவர்கள், நிறுத்துங்கள் என்று கேட்கிறோம். நரேட்டிவில் யாரையும் எதையும் நிறுத்தச் சொல்லக் கூடாது. நாங்கள் அளக்கிறோம், அவ்வளவுதான். புகையை அளந்து, வரைபடம் போட்டு, அடுத்த அளவுக்குத் திட்டம் தீட்டலாம். குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது என்று மட்டும் எழுதக் கூடாது. 'பாதிப்புக்குள்ளாகும் வயதினர்' என்று எழுத வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. வந்து என்ன, திரும்ப எழுத உட்கார்ந்தேன்.

3

எதை வைத்து எழுதினேன் என்று சொல்ல வேண்டும். என் தங்கை ரூபியின் காலண்டர்களை வைத்து.

ரூபி இன்னும் அதே ஊரில், நைனா கட்டிய வீட்டில்தான் இருக்கிறாள். கணவர் அத்திப்பட்டில் அனல்மின் நிலையப் பக்கம் காண்ட்ராக்ட் வேலை. இவள் சிப்காட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில், அதுவும் காண்ட்ராக்ட்தான். மகள் ஜெனிக்கு எட்டு வயது. இரண்டு வயதிலிருந்தே இழுப்பு.

மளிகைக் கடைக்காரர் புது வருடத்துக்குக் கொடுக்கும் மாதக் காலண்டர் இருக்கிறதே, அதில் ரூபி மூன்று வருடமாகக் குறித்து வருகிறாள். மாடிக்கொடியில் காயும் துணியில் கரி விழுந்திருந்தால் 'க'. மூக்கும் கண்ணும் எரிந்தால் 'எ'. ஜெனிக்கு நெபுலைசர் வைத்த நாளைச் சுற்றி ஒரு வட்டம். ஒன்றும் இல்லாத நாள் வெறும் கட்டம். இதையெல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை அவளும் மனு கொடுக்கப் போயிருக்கிறாள். வாங்கிப் பார்த்தவர், "காலண்டரை வெச்சு என்னம்மா பண்றது, மெஷின் ரீடிங் இருக்கா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் இங்கே காற்றை அளக்கும் பெட்டி மாட்டுகிற வேலையில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்ன அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சுதான்.

"அக்கா, எங்க மாடியில அந்தப் பொட்டி ஒண்ணு வந்தா போதும். எழுதறது பொய்யி, மெஷினு சொல்றதுதான் மெய்யின்றானுங்க. அந்த மெஷினத்தான் வாங்கிக் குடேன்."

மானிய விதிகளில் 'அடிப்படை அளவு' என்று ஒரு கட்டம் உண்டு. ஆலைகளே இயங்காதபோது காற்று எப்படி இருக்கும், அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பது கேள்வி. எங்கள் ஊரில் ஆலைகள் இயங்காத நாள் ஏது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். ரூபி போனில் அனுப்பிய மூன்று வருடக் காலண்டர் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. ஒவ்வொரு வருடமும் அக்டோபரில் இரண்டு மூன்று வெறும் கட்டங்கள் ஒட்டினாற்போல வருகின்றன. ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்துவிட்டு, உலையை நிறுத்திவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகிற நாள்.

ரூபியிடம் சொன்னேன். சிரித்தாள்.

"நாம சர்ச்சுக்குப் போற ஆளுங்க. ஆனா வருசத்துல நல்ல காத்து ஆயுத பூஜைக்குத்தான் வருது. ஜெனிகூட அன்னிக்குத்தான் மாடியில ஓடியாடிக்கினு இருப்பா."

அதை எழுதி அனுப்பியதும் மார்கரெட் எழுந்து என் மேசைக்கே வந்துவிட்டார். இத்தனை நாளில் அவர் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

4

இரண்டாம் வரைவு நன்றாகவே வந்தது. பணிவு எல்லாவற்றையும் களையெடுத்துவிட்டேன். 'ஐயா' போனது, 'அவதி' போனது, 'ஆவன' போனது. மார்கரெட் படித்துவிட்டு இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று கேட்டார். அன்றே எழுதிக் கொடுத்தேன்.

சுருக்கத்தில் 'தரவு யாரிடமிருந்து வருகிறது' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே என் கை தானாக எழுதியது: ரூபி, கணவர் பெயர், கதவு எண், தெரு, போஸ்ட், தாலுகா, மாவட்டம். பணி: இன்ன கம்பெனியின் கேண்டீன், தன்னார்வலர். மனுவின் மற்ற எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தவளுக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை. முழு முகவரி இல்லாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது எனக்குள் அவ்வளவு ஆழமாக ஊறிப் போயிருக்கிறது.

சுருக்கத்தில் சேர்க்கப் படம் ஒன்று வேண்டுமே என்று வீட்டில் சொன்னேன். லியா செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, "சித்தி வீடு எது?" என்றாள். ஏரி, ரயில் பாதை, சர்ச் என்று நான் வழி சொல்லச் சொல்ல, ஒரு நிமிடத்தில் மாடியைக் கண்டுபிடித்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டி, கொடிக்கயிறு வரைக்கும் தெரிந்தது. அதன் மேல் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தாள். அந்த வீட்டு வாசற்படியை அவள் ஒருமுறைகூட மிதித்ததில்லை. கடைசியாக நாங்கள் ஊருக்குப் போனபோது திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் என் மாமியார் வீட்டிலேயே தங்கி, அங்கிருந்தே திரும்பிவிட்டோம். என் ஊரை அவளுக்கு மேலேயிருந்து பார்த்துத்தான் தெரியும். ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது. என் மகள் என் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாளே!

விண்ணப்பத்தோடு சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பிடமிருந்தும் ஆதரவுக் கடிதம் வாங்கிச் சேர்த்தால் மதிப்பெண் கூடும். இங்கே ஆலைக்காரர்களே எங்களுக்குக் கடிதம் கொடுப்பார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடிப்போம், சண்டையும் போடுவோம். அந்தப் பழக்கத்தில் மார்கரெட், இணையத்தில் தேடிக் கிடைத்த கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலை முதலாளிகள் சங்கம் ஒன்றுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். மரியாதையான கடிதம்தான். கூடவே அந்த இரண்டு பக்கச் சுருக்கமும் போனது.

எனக்கும் ஒரு நகல் வந்தது. வந்ததைப் பார்த்தேன். திறந்து பார்க்கவில்லை. பட்ஜெட் பக்கத்தில் மூழ்கியிருந்தேன் என்று சாக்குச் சொல்லலாம். சொல்லப்போவதில்லை.

5

அடுத்த வாரம் புதன்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம். அங்கே சாயங்காலம். ரூபி கூப்பிட்டாள்.

"அக்கா, வேலைக்குப் போய்க்கினு கீறியா?"

"இன்னும் கிளம்பலை, சொல்லு."

"இன்னா எழுதி அனுப்ச்ச நீ? சூப்பர்வைசரு கூப்ட்டு ஒரு பேப்பரக் காட்டறாரு. பாத்தா நம்ம ஊட்டு மாடி. டேங்கு, கொடி எல்லாம் தெரியுது, மேல செவப்பா ஒரு புள்ளி. கீழ என் பேரு, அவுரு பேரு, கதவு நம்பரு, நான் எந்த கேண்டீன்ல கீறேன், எல்லாம் கீது."

கையில் எடுத்த பையை மறுபடி மேசைமேல் வைத்தேன்.

"'இன்னாமா, கம்பெனி சோத்தத் துன்னுக்கினு கம்பெனி மேலயே எழுதி வெக்கறியா'ன்னாரு. நான் இன்னா சொல்றது? எங்க அக்கா எழுதினதுன்னேன். 'அப்ப உங்க அக்காகிட்டயே போயி வேலை கேளு, நாளைலருந்து வராத'ன்ட்டாரு."

"ரூபி, நான் வேணும்னு..."

"வேணும்னு செஞ்சன்னு நான் சொன்னனா? பேஜாருக்கா. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையா ஆயிடுச்சி." சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பேருந்தில் நின்றபடியே அந்தச் சுருக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வரியும் நைனா சொல்லிக் கொடுத்தபடி, ஒன்றும் விடாமல், கச்சிதமாக இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டேன். திரும்பி நடந்தபோது அழுதேன். இந்த ஊரில் நடந்துகொண்டே அழுதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது ஒரு வசதி.

மார்கரெட்டுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. "அவர்கள் எப்படி அப்படிச் செய்யலாம்? அது சட்டப்படி தவறு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காண்ட்ராக்ட் வேலையில் 'நாளையிலிருந்து வராதே' என்பதற்கு மேல் சட்டம் இல்லை என்றேன். முகம் வெளிறிப்போய், "நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும்" என்றார். "நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றேன். பிறகு அவர், வேண்டுமானால் துணைக் களத்தையே எடுத்துவிடலாம், உள்ளூர்க் களத்தை மட்டும் அனுப்பலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி.

எடுத்துவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை. ரூபியின் வேலை போனது போனதுதான். பெட்டியும் வராது. எனக்கு மட்டும் ஒன்றும் குறையாது.

வீட்டுக்கு வந்து லியாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. "நான் வெச்ச புள்ளியாலயா?" என்று கேட்டாள். இல்லை, நான் எழுதிய முகவரியால் என்றேன். நம்பினாளா தெரியவில்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

6

வியாழக்கிழமை காலை நானே கூப்பிட்டேன். ரூபி எடுத்தாள். குரலில் கோபம் இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது.

"உன் பேரை எடுத்துடறேன்டி. ஊரையே எடுத்துடலாம்ன்றாங்க."

"பேர எடுத்தா வேலை திரும்ப வந்துடுமா?"

"வராது."

"அப்ப இன்னாத்துக்கு எடுக்கற? கொட்ன பால அள்றியா?" பின்னால் ஜெனி இருமுவது கேட்டது. "அந்தப் புள்ளிய மட்டும் எடுத்துடு. கதவு நம்பரையும் எடு. ஊட்ல கொழந்த கீறா. பேரு இருக்கட்டும். அப்பறம் ஒண்ணு. என்ன இன்னான்னு போட்டிருக்க அதுல?"

"தன்னார்வலர்னு. சும்மா உதவி செய்றவங்கன்னு அர்த்தம்."

"மூணு வருசமா தினம் எழுதறது சும்மாவா? அங்க பொட்டிங்களப் பாத்துக்கறவங்களுக்குச் சம்பளம் உண்டா?"

"உண்டு."

"நீ இன்னா சும்மாவா எழுதற?"

"இல்லை."

"அக்காகிட்ட வேலை கேளுன்னாரு இல்ல, கேக்கறேன். வேலைன்னு போடு. கேண்டீன்ல மூணு ஷிப்ட்டுக்கும் நாஷ்டா கணக்கு நான்தான் பாத்தேன். உன் மெஷினு இன்னா பெரிய மெஷினு."

அன்றைக்கு முழுக்க மூன்றாம் வரைவு எழுதினேன். 'தன்னார்வலர்' என்றிருந்த இடத்திலெல்லாம் 'களப் பொறுப்பாளர்' என்று மாற்றினேன். அந்தச் சம்பளத்துக்கு பட்ஜெட்டில் இடமில்லை என்று மார்கரெட் சொன்னபோது, என் சம்பள நேரத்தில் பாதியை எடுத்து அங்கே போடுங்கள் என்றேன். தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். திருடியதில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

'இடர்களும் தடுப்பு வழிகளும்' என்று ஒரு கட்டம் இருந்தது. முந்தைய வரைவுகளில் அதில் மழை, மின்வெட்டு, கம்பியை இழுக்கும் குரங்கு என்று எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். இந்த விண்ணப்பத்தைத் தயாரிக்கும்போது எங்கள் கவனக்குறைவால் எங்கள் களப் பொறுப்பாளர் தன் வேலையை இழந்தார், இனிமேல் அளவு எடுப்பவர்களின் வீடும் வேலையிடமும் எந்த ஆவணத்திலும் வெளிவராது, வரைபடத்தில் தாலுகா வரைக்கும்தான் காட்டுவோம் என்று எழுதினேன். மார்கரெட் அதை இரண்டு தடவை படித்தார். "இதற்கு மதிப்பெண் குறையலாம்" என்றார். "குறையட்டும்" என்றேன். அவர் ஒரு கமாவை மட்டும் திருத்தினார்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அனுப்பிவிட்டோம். முடிவு வர ஆறு மாதம் ஆகும். கிடைக்குமா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ரூபி இப்போது கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். கேண்டீன் சம்பளத்தில் பாதிதான்.

சனிக்கிழமை காலை அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், தமிழில் சொல்லிச் சொல்லி. பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும், "நல்லாதான் எழுதியிருக்க" என்றாள். பிறகு சாதாரணமாக, கடைக்கு என்ன வாங்கிவர வேண்டும் என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"அக்கா, நீ இங்கயே இருந்து, இந்தக் கம்பெனிலயே வேலை பாத்துக்கினு இருந்தா, உன் கதவு நம்பர எழுதியிருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

"எழுதியிருக்க மாட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள் ரூபி. "நான் அங்க, நீ இங்க இருந்திருந்தா, நானும் உன் நம்பரத்தான்க்கா எழுதியிருப்பேன்."

ஆறுதலுக்குச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று இந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை.